மெயின்ஃபிரேம் டெர்மினலில் லினக்ஸ் மென்பொருளைத் திறக்க முடியுமா?

ராணிப்பேட்டை அலுவலகத்தில் மெயின்ஃபிரேம் என்ற பெரிய மையக் கணினியோடு இணைந்த 3270 டெர்மினல்களிலேயே (திரையும் விசைப்பலகையும் கொண்ட முனையங்கள்), வேலூரில் உள்ள லினக்ஸ் சர்வரின் கணக்கு மென்பொருளைத் திறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். திறக்கலாம். ஆனால் கேபிளை மாற்றிச் செருகினால் மட்டும் நடக்காது.

1971இல் ஐபிஎம் கொண்டுவந்த 3270, எழுத்தெழுத்தாக அனுப்பாது. திரையில் நிரப்பிவிட்டு என்டர் தட்டினால்தான், திருத்திய கட்டங்கள் மொத்தமாகப் போகும். எழுத்துகளை எண்களாகக் குறிக்கும் முறையும் வேறு: இதற்கு எப்சிடிக், லினக்ஸுக்கோ ஆஸ்கி. பழைய காட்பாடி சந்திப்பு ஞாபகம் இருக்கிறதா? விழுப்புரத்திலிருந்து மீட்டர்கேஜில் வந்தவர்கள், பெங்களூருக்குப் போக இறங்கி அகலப்பாதை வண்டிக்கு மாற வேண்டும். அதே கதைதான்.

அந்த மாற்றலை மெயின்ஃபிரேமில் ஓடும் டெல்நெட் கிளையன்ட் (வேறொரு கணினிக்குள் நுழைய உதவும் நிரல்) செய்யும். வரிவரியாகக் கேட்டு வாங்கும் மென்பொருள் இதில் நன்றாகவே ஓடும். ஒவ்வொரு விசைக்கும் திரையை மாற்றும் விஐ (லினக்ஸில் கோப்புகளைத் திருத்தும் மென்பொருள்) போன்றவை சரிப்படாது. உங்கள் கணக்கு மென்பொருள் எந்த வகை என்று முதலில் பாருங்கள். இன்னொன்று, டெல்நெட்டில் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமலேயே போகும். இரு ஊருக்கும் நடுவே விபிஎன் (தகவலை மறையாக்கி அனுப்பும் தனி இணைப்பு) கட்டாயம் போடுங்கள்.