உடைந்த பாலம், யார் பணம்? – கேள்வி பதில்

பூமியதிர்ச்சியில் போன ஒரு கிராமப் பாலத்தை அரச பணத்தில் எப்படித் திரும்பக் கட்டுகிறார்கள் என்று சென்ற வாரம் பேச்சு எழுந்தபோது, தெரிந்ததைச் சொல்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். இப்போது கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. கேட்டவர்களை அவரவர் வசிக்கும் இடத்தின் பெயரால் குறித்திருக்கிறேன், பெயர் போடாத பதில்கள் என்னுடையவை. நான் ஓய்வுபெற்ற பாலப் பொறியியலாளர், வெள்ளவத்தைவாசி. வீடு, மதில், கிணறு பற்றிக் கேட்க வேண்டாம். எந்த அமைச்சர் எதைத் திறந்து வைத்தார் என்றும் கேட்க வேண்டாம்.

தெகிவளை: அண்ணா, என் மருமகன் ஜப்பானில் கியூஷூவில் படிக்கிறான். 2016 பூமியதிர்ச்சியில் அங்கே மலைக்கிராமம் ஒன்றில் பாலம் விழுந்து, பிறகு அதைவிடப் பெரிதாகக் கட்டினார்களாம். ஒரு கிராமத்துக்கு அவ்வளவு பணம் ஏது?

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். அந்த ஊர் குமமோட்டோ மாகாணத்தில் உள்ள மினாமி அசோ. 2016 ஏப்ரல் 16 அதிகாலை வந்த அதிர்ச்சியில் அங்கே கெட்ட பாலங்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை விளங்கும்.

முதலாவது அசோ பெரும்பாலம். ஏறக்குறைய 206 மீற்றர் நீளமான இரும்பு வளைவுப் பாலம். எதிரே இருந்த மலைச்சரிவு பிய்ந்து வந்தது, பாலம் பள்ளத்தாக்கில் கிடந்தது. அதே இடத்தில் மறுபடி கட்டினால் அடுத்த சரிவுக்குப் படையல் வைப்பதுதான். ஆகவே ஆறு ஓடும் திசையில் சுமார் 600 மீற்றர் தள்ளி, 525 மீற்றர் நீளத்தில் புதிதாகக் கட்டி 2021 மார்ச் 7ஆம் திகதி திறந்தார்கள். இரண்டாவது சோயோ பாலம், 276 மீற்றர். இது நெடுஞ்சாலையில் இல்லை. கிராம சபைக்குச் சொந்தமான வீதியில் இருப்பது. இதில் தூண்கள் நின்றன. கரையில் பாலத்தைத் தாங்கும் சுவர்தான் நிலத்தோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது. அதைச் சரிசெய்து 2017 ஓகஸ்ட் 27ஆம் திகதி வாகனம் விட்டார்கள்.

பணத்துக்கு வருகிறேன். ஜப்பானில் 1951ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. அனர்த்தத்தில் கெட்ட வீதி, பாலம், ஆற்றங்கரை ஆகியவற்றைத் திருத்தும் செலவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு ஏற்க வேண்டும். சேதம் உள்ளூராட்சியின் வரி வருமானத்தோடு ஒப்பிடும்போது மிகப் பெரிதென்றால் அந்தப் பங்கு இன்னும் கூடும். மீதிக்குக் கடன் எடுக்கலாம். அந்தக் கடனின் பெரும்பகுதியையும் பின்னர் மத்திய அரசின் கொடைதான் அடைக்கிறது. இதையெல்லாம் விடப் பெரிய உதவி ஒன்றுண்டு. இந்த இரண்டு வேலைகளையும் மத்திய அமைச்சின் பொறியியலாளர்களே உள்ளூருக்குப் பதிலாக நின்று செய்தார்கள். கிராம சபையில் எழுதுவினைஞர் இருப்பார், பாலம் கணக்குப் பார்க்கிறவர் எங்கே இருப்பார்? காசோலையை மட்டும் அனுப்பியிருந்தால் அது அலுமாரியில் தூங்கியிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு பாலங்களிலும் கெட்டது கரைப் பக்கம். கரையைப் பாருங்கள் என்று நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறேன், இன்றும் சொல்வேன்.

வெள்ளவத்தை: இப்படியொரு பாலம் இங்கே கட்ட எவ்வளவு செலவாகும்?

துளையிட்டு மண்ணைச் சோதிக்காமல் தொகை சொல்பவரை நம்பாதீர்கள், நான் சொன்னாலும் சரி.

கொட்டாஞ்சேனை: பழைய பாலங்கள்தானே பூமியதிர்ச்சியில் விழும்? புதியவை ஏன் விழுகின்றன?

வயது முடிவு செய்வதில்லை, தம்பி. 1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாட்டா நகரம் குலுங்கியது. ஷோவா பாலம் கட்டி முடித்து ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. ஆற்றுமணல் நீரோடு குழம்பிக் கூழாகிப் பக்கவாட்டில் நகர, தூண்கள் சாய்ந்தன. மேலிருந்த வளைகள், அதாவது பாலத்தின் தளத்தைத் தாங்கும் உத்திரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கி ஆற்றில் விழுந்தன. அதே ஆற்றில் 1929இல் கட்டிய பண்டாய் பாலம் காயத்தோடு நின்றது. இன்றும் அதில் பஸ் ஓடுகிறது.

வளை முறிந்து விழுவது அரிது. அது உட்கார்ந்திருக்கும் திண்ணை அகலம் போதாமல் நழுவி விழுவதுதான் வழக்கம். எனவே திண்ணையை அகலமாக்கு, வளைகளை ஒன்றோடொன்று இரும்புக் கயிற்றால் கட்டு, பக்கவாட்டில் நகராமல் முட்டுக்கொடு. இந்த மூன்றும் அடிக்கல் நாட்டுவிழாப் பந்தலை விட மலிவு.

முகத்துவாரம்: ஐயா, என் அம்மா தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். லயத்துக்குப் போகும் சிறிய பாலம் மழையில் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. பிரதேச சபையைக் கேட்டால் தோட்ட நிர்வாகம் என்கிறார்கள், தோட்டத்தில் கேட்டால் சபை என்கிறார்கள். யாரிடம் போவது?

பிள்ளை, இங்கே வந்த கேள்விகளில் இதுதான் நிஜமான கேள்வி. உங்கள் பாலத்தைப் பூமி அசைக்கவில்லை, மழை அசைத்தது. பணம் தேடும் வழி இரண்டுக்கும் ஒன்றுதான், அது எப்போதும் "வீதி யாருடையது?" என்பதில் தொடங்கும். A, B என்று வகுத்த வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. C, D மாகாணத்துக்கு. அதற்குக் கீழே உள்ளவை பிரதேச சபைக்கு. குளக்கட்டு மேல் போவது நீர்ப்பாசனக்காரருக்கு. தோட்டத்து வீதி இந்த வரிசையில் எங்குமே விழாது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, நடந்து போகும் கால் மட்டும் உங்கள் அம்மாவுடையது.

தோட்டத்துக்குள் காசு செலவழிக்கச் சட்டம் விடாது என்று பிரதேச சபைகள் பல காலம் கைவிரித்து வந்தன. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தி அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள். ஆகவே "எங்களால் முடியாது" என்பது பழைய பதில். எழுத்தில் கேளுங்கள். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், தோட்ட முகாமையாளர் ஆட்சேபம் இல்லை என்று தரும் கடிதம், எத்தனை குடும்பம், எத்தனை பாடசாலைப் பிள்ளைகள் என்ற கணக்கு எல்லாம் சேரட்டும். பிரதி ஒன்று பிரதேச செயலாளருக்கு. அவர் மூலமாகத்தான் மாவட்டச் செயலகத்து அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்குச் சேதப் பட்டியல் போகும். பட்டியலில் ஏறாத பாலத்துக்குத் திறைசேரியில் பெயரே கிடையாது.

இறங்கிய பக்கத்தைத் தொடாமல் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுநாடாவை விரித்து வைத்து எடுங்கள். ஓர் ஊரில் உடைந்த தூணை அவசரமாக இடித்து ஆற்றில் தள்ளிவிட்டார்கள். பிறகு அது எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று நிரூபிக்க ஒருவராலும் முடியவில்லை. கோப்பு மூன்று முறை திரும்பி வந்தது. அதில் ஒரு முறை என் கையொப்பத்துக்காக.

நுகேகொடை: பாலம் கட்ட மொத்தச் செலவு தோராயமாகவாவது?

மேலே வெள்ளவத்தைக்குச் சொன்னதுதான்.

கிருலப்பனை: எங்கள் மாடிச் சுவரில் வெடிப்பு. பூமியதிர்ச்சியாக இருக்குமா?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேளுங்கள். பக்கத்து வளவில் யாராவது அத்திவாரம் தோண்டுகிறார்களா என்று அதற்கு முன் எட்டிப் பாருங்கள்.

பம்பலப்பிட்டி, ஓய்வுபெற்ற கணக்காய்வாளர்: உங்கள் ஜப்பான் புகழ்ச்சியில் ஓர் ஓட்டை. 206 மீற்றர் போனதற்கு 525 மீற்றர் கட்டியிருக்கிறார்கள். இழந்ததைத் தருவது நிவாரணம், இழக்காததைத் தருவது சலுகை. இங்கே யாராவது இப்படிச் செய்தால் நான் கேள்வி எழுதியிருப்பேன்.

எழுதியிருப்பீர்கள் ஐயா, உங்கள் ஆட்கள் எனக்கும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நான் மேலே சொன்ன ஜப்பானியச் சட்டமும் உங்கள் பக்கந்தான். முன்பிருந்தபடி மீட்பதே அதன் அடிப்படை. அப்படி மீட்க இயலாத இடத்தில், அல்லது அது பொருந்தாத இடத்தில், அதே பயனைத் தரும் வேறொன்றைக் கட்டலாம் என்று அடுத்த வரியில் இடம் விட்டிருக்கிறார்கள். மலையே இறங்கி வந்த இடத்தில் முன்பிருந்தபடி கட்டினால் அதுதான் விரயம்.

பம்பலப்பிட்டி: "பொருந்தாத" என்ற சொல்லுக்குள் ஒரு மாவட்டத்தையே நுழைத்துவிடலாம். ஒற்றை வழிப் பாலம் உடைந்தால் இரட்டை வழி, பக்கத்தில் நடைபாதை, மேலே வண்ண விளக்கு.

தெகிவளை: ஒற்றை வழிப் பாலத்தில் எதிரே லொறி நிற்க அம்புலன்ஸ் காத்திருந்ததை ஐயா பார்த்ததில்லைபோல.

நுகேகொடை: கணக்காய்வாளர் ஐயா சொல்வது சரி. மதகு போன இடத்தில் பாலம் கட்டி, அதில் ஒப்பந்தக்காரர் வீடு கட்டுகிறார்.

கொஞ்சம் பொறுங்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் பாலத்தில் ஏறினால் தாங்காது. அமெரிக்காவில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். திருத்தும் செலவு புதிதாகக் கட்டும் செலவில் பாதியைத் தாண்டினால் புதிதாகவே கட்டலாம். தகுதியான செலவில் குறைந்தது 75 வீதத்தை அவர்களது மத்திய அவசர முகாமை நிறுவனம் தரும். அனர்த்தத்துக்கு முன்பே நடைமுறையில் இருந்த கட்டட விதிகள் கேட்கும் பலத்தைச் சேர்க்கலாம். அதற்கு மேல் அகலமோ அழகோ வேண்டுமென்றால் தடையில்லை, கூடுதல் காசு ஊருடையது. விளக்குக்கு ஐயா பயப்பட வேண்டியதில்லை.

பம்பலப்பிட்டி: அப்படியானால் இரண்டு மதிப்பீடு வேண்டும். மீட்புக்கு ஒன்று, மேம்பாட்டுக்கு ஒன்று. ஒரே தாளில் கலக்கக் கூடாது.

ஒப்புக்கொள்கிறேன். இதை நான் சேவையில் இருந்தபோது நீங்கள் சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். ஒரு திருத்தம் மட்டும்: அகலமான திண்ணையும் இரும்புக் கயிறும் மேம்பாட்டுத் தாளில் போகக் கூடாது. அவை மீட்பு. மறுபடி விழும் பாலத்தைத் தருவது மீட்பு ஆகாது.

பம்பலப்பிட்டி: அதைத் தொழில்நுட்பக் குழு எழுதித் தரட்டும், பார்ப்போம்.

பார்த்தீர்களா, விட மாட்டார்.

மருதானை: இலங்கையில்தான் பூமியதிர்ச்சி இல்லையே, இதெல்லாம் நமக்கு எதற்கு?

1615 ஏப்ரலில் இதே கொழும்பு குலுங்கி இடிந்ததைப் போர்த்துக்கேயர் காலத்துப் பதிவுகள் சொல்கின்றன. 2020இல் திகனைப் பக்கம் மெல்லிய அதிர்வுகள் வந்து, புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் விசாரித்தது. மேலதிகமாக அவர்களைக் கேளுங்கள். 2004 டிசம்பர் 26 நம் கரைக்கு வந்ததும் சுமாத்ராவில் நடந்த பூமியதிர்ச்சிதான். அறுகம்பேயில் சேதமான பாலத்துக்குப் பதில் அமெரிக்க உதவியில் புதியது வந்தது. அது அந்நாட்டு மக்களின் வரிப்பணம், அதற்கும் ஒரு பம்பலப்பிட்டி ஐயா அங்கே இருந்திருப்பார்.

தெமட்டகொடை: பெய்லி பாலம் போட்டுவிட்டால் முடிந்ததே? இரண்டு நாளில் போடுகிறார்கள்.

போடுவது சுலபம், எடுப்பதுதான் இல்லை. பிரித்தானியாவில் இரண்டாம் உலகப் போருக்காக டொனால்ட் பெய்லி வடிவமைத்தது அது. பத்து அடி இரும்புச் சட்டங்களை ஆட்கள் தூக்கிவந்து இரும்பு முளைகளைச் செருகிப் பொருத்தலாம். அவசரத்துக்கு அருமருந்து. ஆனால் நம் ஊரில் தற்காலிகம் என்ற பலகை துருப்பிடித்து விழும் வரை அது நிற்கும், எடைக்கட்டுப்பாட்டுப் பலகையை மணல் லொறிக்காரர் எவரும் வாசிப்பதில்லை. முளைகளை மாதம் ஒருமுறை யார் பார்ப்பது என்று போடும் அன்றே எழுதி வையுங்கள். கரையையும் பாருங்கள். பெய்லி நிற்பதும் அதே கரையில்தான்.

கல்கிசை: இரும்பா, கொங்கிறீட்டா?

உப்புக்காற்று வரும் இடமென்றால் கொங்கிறீட், மலைக்கு எடுத்துப்போக வழியில்லை என்றால் இரும்பு.

கொள்ளுப்பிட்டி: நல்ல தகவல்கள், நன்றி. ஒரு மீற்றருக்கு என்ன விலை வரும் என்று மட்டும்...

வெள்ளவத்தை, நுகேகொடை, இப்போது கொள்ளுப்பிட்டி. இனி விலை கேட்பவர்கள் துளையிட்டு எடுத்த மண்ணைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

முகத்துவாரம்: ஐயா, அளவுநாடாவோடு படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டேன். அம்மா கேட்கிறார், பாலத்தின் எந்தப் பக்கத்தை எடுப்பது?

இரண்டு கரையையும், பிள்ளை. தண்ணீர் வற்றியிருக்கும் காலையில், கீழே இருந்து.