கிடார் செய்ய ஈட்டிப் பலகை: பில் இல்லாமல் வாங்கலாமா?

கேள்வி: வீட்டுப் பட்டறையில் கையாலேயே ஓர் அக்கூஸ்டிக் கிடார் செய்யத் தொடங்கியிருக்கிறேன். முதுகுக்கும் பக்கவாட்டுக்கும் ஈட்டிப் (ரோஸ்வுட்) பலகை ஒருவர் பாதி விலைக்குத் தருகிறார், பில் இல்லை. மேல் பலகைக்கு ஆன்லைனில் ‘சாலிட் ஸ்ப்ரூஸ்’ (ஒட்டுப் பலகை அல்லாத, ஒரே ஸ்ப்ரூஸ் மரம்) என்று வாங்கியது பிளைவுட் மாதிரி தெரிகிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: அந்த ஈட்டி வேண்டவே வேண்டாம். அரசு பட்டா போட்டுக் கொடுத்த நிலத்தில் நிற்கும் ஈட்டியை உரிமையாளரே இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. 2021-இல் வயநாடு முட்டிலில் வெடித்த வழக்கே இப்படி ஈட்டி வெட்டியதில்தான். பில்லும் வனத்துறை பாஸும் (மரம் கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு) இல்லாத பலகையோடு கோபாலபுரம் செக்போஸ்ட்டில் மாட்டினால், வண்டியையும் சேர்த்துப் பிடித்து வைப்பார்கள். வனத்துறை டிப்போ ஏலத்தில் எடுத்த மரம் விற்கும் மில்லில் பில்லோடு வாங்குங்கள். விலை கூடத்தான். என்னைக் கேட்டால் முதல் கிடாருக்கு மகாகனியே போதும். பக்கவாட்டை 2 மி.மீ. வரை இழைத்து, சூடு காட்டி வளைக்கும்போது ஒன்றிரண்டு உடையத்தான் செய்யும்.

மேல் பலகையின் விளிம்பைத் நைஸான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். முகப்பில் தெரியும் ரேகைகள் விளிம்பு வழியே அடிப்பக்கம் வரை நேராக இறங்கினால் அது ஒரே மரம். நடுவில் ஓர் அடுக்கு குறுக்கே ஓடினால் பிளைவுட், சந்தேகமே இல்லை. அந்த விளிம்பைக் கிட்டத்தில் போட்டோ எடுங்கள். ‘சாலிட்’ என்று போட்ட விற்பனைப் பக்கத்தையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள். பணத்தைத் திருப்பக் கேட்டு ஈமெயில் போடுங்கள். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அப்புறமும் நடக்காவிட்டால் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நல்ல பலகையே வந்தாலும் வந்த கையோடு ஒட்டாதீர்கள். மழைக்காலத்தில் ஈரம் குடித்து விரிந்த மேல் பலகையின் உள்பக்கம் அதைத் தாங்கும் அடிச்சட்டங்களை ஒட்டினால், மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காய்ந்த கிழக்குக் காற்று அடிக்கும்போது பலகை சுருங்கும், குறுக்கே ஒட்டிய சட்டம் சுருங்காது. பலகை நீளவாட்டில் விரிசல் விடும். காற்றின் ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். அறையில் 45 முதல் 50 சதவீதம் காட்டும்போது ஒட்டுங்கள். ஏசி அறை இல்லையென்றால் மழை ஓயும்வரை கழுத்தைச் செதுக்கும் வேலையைப் பாருங்கள்.