பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டன் அரசியலில் என்னதான் ஆனது?

"பொருளாதார விளைவுகளைப் பற்றி நிறையப் படித்துவிட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால் பிரிட்டனின் அரசியல் எப்படி மாறியது?" என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியேறலாமா வேண்டாமா என்று 2016-இல் நடந்த வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆமாம், இந்தியப் பாஸ்போர்ட்டோடுதான் போட்டேன். பலருக்கு இது தெரியாது. பிரிட்டனில் குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டவர்களுக்கு அங்கே ஓட்டு உண்டு. திருச்சியிலிருந்து வேலைக்குப் போய் இரண்டு வருடம்கூட ஆகாத எனக்கு ஓட்டு இருந்தது. பதினோரு வருடமாக லண்டனில் வரி கட்டிக்கொண்டிருந்த என் பிரெஞ்சு சக ஊழியருக்கு இல்லை. "நாளைக்கு என் தலையெழுத்தை நீ எழுதப்போகிறாய், கொஞ்சம் பார்த்து எழுது" என்றார் முந்தின நாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

2016 ஜூன் 23, லண்டனில் நல்ல மழை. ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். மறைப்புக்குள் நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சில். பென்சிலில் போட்டால் அழித்துவிடுவார்கள் என்று ஒரு வதந்தி ஓடியதால், எனக்கு முன்னால் நின்றவர் சட்டைப்பையில் பேனாவோடு வந்திருந்தார். சீட்டில் இரண்டே கட்டங்கள். ஒன்றியத்தில் உறுப்பினராகத் தொடர வேண்டும். ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும். நான் தொடர வேண்டும் என்று போட்டேன். நான் மளிகை வாங்கும் கடையின் யாழ்ப்பாணத்து அண்ணன் வெளியேறத்தான் போட்டார். "போலந்துக்காரர் வாறது நிண்டா எங்கட ஆக்களுக்கு விசா குடுப்பாங்கள் தம்பி" என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கைப் பிறகு சொல்கிறேன்.

அந்தச் சீட்டை இவ்வளவு விவரிக்கக் காரணம் இருக்கிறது. அடுத்து நடந்த குழப்பம் முழுவதும் அதில் எழுதாமல் விட்ட வரியிலிருந்து வந்தது என்பது என் கருத்து. வெளியேறி எங்கே போவது? சரக்கும் ஆட்களும் தடையில்லாமல் போய்வரும் ஒற்றைச் சந்தைக்குள், நார்வே மாதிரி இருந்துகொண்டா? உள்ளுக்குள் சுங்கவரி இல்லாமல், வெளியாருக்கு ஒரே வரி போடும் சுங்க ஒன்றியத்தில் மட்டும் இருந்துகொண்டா? எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டா? 1.74 கோடிப் பேர் வெளியேற வேண்டும் என்றார்கள், 1.61 கோடிப் பேர் வேண்டாம் என்றார்கள். 51.9-க்கு 48.1. ஆனால் அந்த 1.74 கோடிப் பேரும் ஒரே மாதிரியான வெளியேற்றத்தை நினைத்துப் போடவில்லை.

வாக்கெடுப்பை நடத்திய பிரதமர் டேவிட் கேமரன், வெளியேறும் தரப்பு தோற்கும் என்றுதான் நம்பியிருந்தார். ஐரோப்பாவை வைத்துத் தன் கன்சர்வேட்டிவ் கட்சிக்குள் நடந்த தீராத சண்டையை முடிக்கவும், வெளியே நைஜல் ஃபராஜின் கட்சி ஓட்டைப் பிரிப்பதைத் தடுக்கவும் கொடுத்த வாக்குறுதி அது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். மறுநாள் காலையிலேயே ராஜினாமாவை அறிவித்தார்.

அப்புறம் வந்த தெரசா மே 2017 மார்ச் 29 அன்று வெளியேறும் அறிவிப்பை முறைப்படி கொடுத்தார். கொடுத்த நிமிடத்திலிருந்து இரண்டு வருடக் கெடு ஓட ஆரம்பித்துவிடும். கெடு ஓடும்போதே தேர்தலும் வைத்து, இருந்த பெரும்பான்மையையும் தொலைத்தார். ஒருவழியாக ஓர் ஒப்பந்தத்தோடு வந்தபோது, 2019 ஜனவரி 15 அன்று நாடாளுமன்றம் அதை 432-க்கு 202 என்று தூக்கி எறிந்தது. அந்த நாட்டில் எந்த அரசும் அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் தோற்றதில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே மார்ச் 27-ஆம் தேதி நடந்தது. "எதுதான் வேண்டும், நீங்களே சொல்லுங்கள்" என்று எட்டு யோசனைகளை உறுப்பினர்கள் முன் வைத்தார்கள். எட்டும் தோற்றன. ஒப்பந்தமே இல்லாமல் போவது, மறு வாக்கெடுப்பு, சுங்க ஒன்றியம், எதற்கும் பெரும்பான்மை இல்லை. ஐந்து நாள் கழித்து மறுபடி கேட்டபோது சுங்க ஒன்றியம் மூன்றே ஓட்டில் தோற்றது. அந்த மூன்று பேர் மாறிப் போட்டிருந்தால் இன்றைய பிரிட்டன் வேறு மாதிரி இருந்திருக்குமோ என்று இப்போதும் யோசிப்பேன்.

அந்தச் சமயத்தில் நான் இருந்தது பெல்ஃபாஸ்டில், பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்தின் தலைநகரில். கம்பெனி ஒரு புராஜெக்ட்டுக்காக 2018-இல் அங்கே அனுப்பியிருந்தது. லண்டனில் இருந்தவரை எனக்கு பிரெக்ஸிட் என்பது டிவியில் பார்க்கிற கூச்சல். அங்கே போன பிறகுதான் நிஜமாகவே புரிந்தது.

ஒரு சனிக்கிழமை, தனி நாடான அயர்லாந்தின் தலைநகர் டப்ளினுக்குப் பஸ் ஏறினேன். இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் அயர்லாந்துக்குத் தனி விசா. படிவம் நிரப்பி, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கொடுத்து வாங்கி, கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எல்லை வரும் என்று. நியூரி தாண்டியது. ஒன்றும் வரவில்லை. சாலையோரக் கோடு மஞ்சளாக மாறியது, வேகப் பலகையில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. அவ்வளவுதான். பக்கத்து இருக்கைப் பாட்டியிடம் எல்லை எப்போது வரும் என்று கேட்டால், "அது தாண்டி கால் மணி ஆச்சே" என்றார்.

சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, அதைக் குறுக்கே வெட்டும் சாலைகள் 200-க்கு மேல். 1998-க்கு முன்னால் அங்கே ராணுவக் காவல் கோபுரங்கள் இருந்தன. பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்னும் புராட்டஸ்டன்ட் தரப்புக்கும் அயர்லாந்தோடு இணைய வேண்டும் என்னும் கத்தோலிக்கத் தரப்புக்கும் நடந்த முப்பது வருடச் சண்டையில் சுமார் 3,500 பேர் செத்திருக்கிறார்கள். அந்த வருடம் கையெழுத்தான புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகு கோபுரங்களை அகற்றிவிட்டார்கள். இரண்டு நாடும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்ததால் சரக்குச் சோதனைக்கும் தேவை இல்லை. பிரிட்டன் வெளியேறினால் அந்தச் சோதனையை எங்காவது ஓரிடத்தில் வைத்தே ஆக வேண்டும். நிலத்தில் வைத்தால் பழைய புண் திறக்கும். கடலில் வைத்தால், வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்கும் நடுவே கோடு விழும். "நாங்கள் பிரிட்டிஷ்காரர்கள்" என்று தலைமுறை தலைமுறையாக நிற்கும் புராட்டஸ்டன்ட் மக்களுக்கு அது நெஞ்சில் குத்து.

இதில் நடந்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. அந்த மக்களின் பெரிய கட்சியான டி.யு.பி. வெளியேற்றத்தை ஆதரித்த கட்சி. 2017 தேர்தலுக்குப் பிறகு மேயின் அரசு அவர்களுடைய பத்து உறுப்பினர்களின் தயவில்தான் நின்றது. ஆதரவுக்குப் பதிலாக வட அயர்லாந்துக்கு 100 கோடி பவுண்டு கூடுதல் நிதியும் வாங்கினார்கள். பிரிட்டன் முழுவதையும் சுங்கத்தில் ஒன்றாக வைத்திருக்கப் பார்த்த மேயின் ஒப்பந்தத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். 2018 நவம்பரில் அவர்களுடைய மாநாட்டுக்கே வந்த போரிஸ் ஜான்சன், எந்தக் கன்சர்வேட்டிவ் அரசும் கடல் நடுவே எல்லை போட ஒப்புக்கொள்ளாது என்று பேசிக் கைதட்டல் வாங்கிப் போனார். அடுத்த அக்டோபரில், பிரதமராக, அதே எல்லைக்கு ஒப்புக்கொண்டார்.

2021 ஜனவரியில் கடல் எல்லை நடைமுறைக்கு வந்தது. ஏப்ரலில் பெல்ஃபாஸ்டில் பஸ்ஸைக் கொளுத்தினார்கள். 2022 பிப்ரவரியில் டி.யு.பி. முதல்வர் ராஜினாமா செய்தார். அங்கே இரண்டு சமூகமும் சேர்ந்தால்தான் ஆட்சி. ஒருவர் எழுந்து போனால் கடை மூடல். அப்படியே இரண்டு வருடம் மூடிக் கிடந்தது. இதற்கிடையே மே மாதத் தேர்தலில், அயர்லாந்தோடு இணைய வேண்டும் என்னும் சின் ஃபெயின் 27 இடங்களோடு முதலிடத்துக்கு வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் மிஷேல் ஓ'நீல் முதல்வர் ஆனார். புராட்டஸ்டன்ட் பெரும்பான்மை இருக்கும்படி பார்த்து 1921-இல் வரைந்த பகுதி அது. அங்கே இப்படி ஒரு முதல்வர் வந்ததற்கு மக்கள்தொகை மாற்றமும் ஒரு காரணம். ஆனால் டி.யு.பி.யைப் பலவீனப்படுத்திய கை, அவர்களே கேட்டு வாங்கிய பிரெக்ஸிட்தான்.

ஸ்காட்லாந்து கதை சுருக்கமானது. 62 சதவீதம் பேர் ஒன்றியத்தில் தொடர வேண்டும் என்றார்கள். இழுத்துக்கொண்டு வெளியே போனது இங்கிலாந்து. அப்படியானால் இந்நேரம் ஸ்காட்லாந்து பிரிந்திருக்க வேண்டுமே? லண்டன் அனுமதியில்லாமல் வாக்கெடுப்பு நடத்த முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னொரு சிக்கலும் உண்டு. தனியாகப் போய் ஒன்றியத்தில் சேர்ந்தால், இனி இங்கிலாந்தோடு சுங்க எல்லை போட வேண்டியிருக்கும். பிரிவதற்கான காரணத்தை பிரெக்ஸிட் பெரிதாக்கியது, பிரிவதையும் கடினமாக்கியது.

கட்சிகளுக்கு வருவோம். 1979 முதல் 2016 வரை 37 வருடத்தில் ஐந்து பிரதமர்கள். அதன் பிறகு 2024-க்குள் மே, ஜான்சன், டிரஸ், சுனாக், ஸ்டார்மர் என்று இன்னொரு ஐந்து. எல்லாவற்றையும் பிரெக்ஸிட் தலையில் கட்டக்கூடாது; லிஸ் டிரஸ் 49 நாளில் போனது பட்ஜெட் கோளாறால். ஆனால் ஜான்சன் பதவியைப் பிடித்ததும், நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கப் பார்த்து பதினொரு நீதிபதிகளிடமும் ஒருமுகமாகக் கொட்டு வாங்கியதும், சொந்தக் கட்சியின் 21 பேரை ஒரே இரவில் தள்ளி வைத்ததும் பிரெக்ஸிட் கணக்குத்தான். அந்த 21 பேரில் ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சிலின் பேரன்.

2019 டிசம்பர் தேர்தலில் அதே ஜான்சன் 365 இடங்களோடு ஜெயித்தார். சுரங்கத் தொழிலாளர் ஊர்கள், டோனி பிளேர் நின்ற செட்ஜ்ஃபீல்டு, தலைமுறைகளாகத் தொழிற்கட்சியைத் தவிர வேறு சின்னம் பார்க்காத இடங்கள் எல்லாம் கன்சர்வேட்டிவ் பக்கம் போயின. வர்க்கத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டுவந்த நாடு, நீ வெளியேறும் பக்கமா தொடரும் பக்கமா என்று பார்த்துப் போட ஆரம்பித்தது. வயது, படிப்பு, ஊர் என்று ஓட்டு பிரிந்தது. 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்குப் பிரிட்டன் வெளியேறியது.

இப்போது கடைக்கார அண்ணனின் கணக்கு. ஐரோப்பியர் வரத்து குறைந்தது. முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் ஆள் இல்லை. அரசு விசா விதியைத் தளர்த்தியது. இந்தியா, நைஜீரியாவிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். 2023-இல் நிகரக் குடியேற்றம் வருடத்துக்கு 9 லட்சத்தைத் தாண்டியது, வாக்கெடுப்புக் காலத்தில் இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அண்ணன் சொன்னது பலித்துவிட்டது! ஆனால் குடியேற்றம் குறையும் என்று நம்பி வெளியேறப் போட்ட ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்? அந்தக் கோபம்தான் ஃபராஜின் இன்றைய கட்சியான ரிஃபார்ம். 2024 பொதுத் தேர்தலில் 40 லட்சத்துக்கு மேல் ஓட்டு, ஆனால் ஐந்தே இடம். கன்சர்வேட்டிவ் 121-க்குச் சுருங்கியது. அடுத்த வருட உள்ளாட்சித் தேர்தலில் ரிஃபார்ம் பத்து கவுன்சில்களைத் தனியாகப் பிடித்தது. எந்தக் கட்சியை ஓரங்கட்ட கேமரன் வாக்கெடுப்பு வைத்தாரோ, அதன் வாரிசு இப்போது அவர் கட்சியையே விழுங்கப் பார்க்கிறது.

ஐரோப்பாவில் என்ன ஆனது என்றால், பயந்தது நடக்கவில்லை. பிரிட்டனைப் பார்த்து வரிசையாக வெளியேறுவார்கள் என்றார்கள், ஒருவரும் போகவில்லை. லண்டன் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு பிரான்ஸில் லு பென் யூரோவை விட்டு விலகும் பேச்சையே கைவிட்டார். பேச்சுவார்த்தையில் மற்ற 26 நாடுகளும் அயர்லாந்தின் பின்னால் நின்றன. சுமார் 50 லட்சம் மக்கள் உள்ள நாடு, நூற்றாண்டுகளாகத் தன்னை ஆண்ட லண்டனோடு பேசும்போது முதல்முறையாக மேல்கையோடு உட்கார்ந்தது. என்னைக் கேட்டால், டப்ளினில் இதை இன்னும் சத்தமாகக் கொண்டாடாமல் இருப்பது அவர்களுடைய நாகரிகம்.

திரும்பச் சேருவார்களா என்று அடுத்து கேட்பீர்கள். 2025 மே மாதம் தொழிற்கட்சியின் ஸ்டார்மர் அரசு உணவுப் பொருள் சோதனைகளைக் குறைக்கவும், 2038 வரை ஐரோப்பியப் படகுகளை மீன்பிடிக்க விடவும் உடன்பட்டது. ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம் பக்கம் போகமாட்டோம் என்பதையும் கூடவே சொன்னார்கள். மறுபடி அந்தச் சீட்டை நீட்டும் தைரியம் அங்கே எந்தப் பெரிய கட்சிக்கும் இப்போதைக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் பெல்ஃபாஸ்ட் போயிருந்தபோது, நான் குடியிருந்த வீட்டுக்காரரைப் பார்த்தேன். தேநீருக்கு எடுத்த பால் டப்பாவில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்று அச்சிட்டிருந்தது. அவரும் மனைவியும் புராட்டஸ்டன்ட், பரம்பரையாக ராணி பக்தர்கள். வட அயர்லாந்தில் பிறந்தவர்களுக்கு அயர்லாந்துப் பாஸ்போர்ட்டும் கிடைக்கும் என்பதால், அந்த அம்மா ஓசைப்படாமல் ஒன்று வாங்கிவிட்டார். இவர் மாட்டேன் என்று நீலநிறப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு நிற்கிறார். ஸ்பெயினுக்கு விடுமுறை போனபோது, விமான நிலையத்தில் அந்த அம்மா ஐரோப்பிய வரிசையில் ஐந்தே நிமிடத்தில் வெளியே போய்விட்டாராம். "முக்கால் மணி நேரம் கழித்து நான் வந்தேன். பெட்டி மேல் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்" என்றார். எனக்கு ஒன்று வாங்கினாளா என்று கேளுங்கள் என்று அவரே சொல்லிவிட்டு, அவரே தலையை ஆட்டிக்கொண்டார்.