ஒரு சுரத்துக்குள் என்ன இருக்கிறது? சோ வென் சுங் பற்றிச் சில கேள்விகள்

சீனாவில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்து 2019இல் மறைந்த இசையமைப்பாளர் சோ வென் சுங் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் இசைப் பேராசிரியர் எல்லாம் இல்லை. பல வருஷமாக இவரைக் கேட்டுக்கொண்டும், கையில் கிடைத்த ஸ்கோர்களை, அதாவது எழுதிவைத்த இசைக்குறிப்புகளை, புரட்டிக்கொண்டும் இருப்பவன், அவ்வளவுதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: முதலில் யார் இவர்? பெயரைக்கூட இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

சோ என்பது குடும்பப் பெயர், சீன வழக்கப்படி முன்னால் வரும். 1923இல் ஷாண்டோங் மாகாணத்தில் யென்டாய் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே வயலின் கற்றார், ஆனால் படித்தது சிவில் என்ஜினியரிங். நாடு முழுக்க ஜப்பானோடு போர் நடந்துகொண்டிருந்த காலம், ஷாங்காயில் தொடங்கிய படிப்பை குய்லின், சோங்கிங் என்று உள்நாட்டுக்கு ஓடி ஓடி 1945இல் முடித்தார். 1946இல் அமெரிக்கா. யேல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்க உதவித்தொகையோடு இடம் காத்திருந்தது. அதை வேண்டாம் என்று உதறிவிட்டு பாஸ்டனில் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் போய்ச் சேர்ந்தார். போரில் நொறுங்கிக் கிடக்கும் நாட்டிலிருந்து வந்த பையன் கட்டடக்கலையை விட்டு இசைக்குப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அண்ணன் வென் சிங் சோ அமெரிக்காவில் ஏவுகணைகளுக்கான கணினித் தொழில்நுட்பத்தில் பெரிய பெயர் எடுத்தவர் என்பது உபரித் தகவல்.

கேள்வி: சீன மெட்டுகளை எடுத்து வெஸ்டர்ன் ஆர்க்கெஸ்ட்ராவில் போட்டவர் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாமா?

சொல்லக் கூடாது! அவர் மொத்த வாழ்க்கையுமே அதிலிருந்து வெளியே வந்த கதைதான்.

ஆரம்பத்தில் அவரும் அதைத்தான் செய்தார். சீன மெட்டுகளை வைத்து ஃபியூக் எழுதினார், அதாவது ஒரே மெட்டை ஒரு குரல் தொடங்க அடுத்தடுத்த குரல்கள் பின்னால் துரத்திக்கொண்டு வரும், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் காலத்து வடிவம். நியூயார்க்கில் அதை செக் இசையமைப்பாளர் போஹுஸ்லாவ் மார்ட்டினூவிடம் கொண்டுபோய்க் காட்டினார். மார்ட்டினூ பியானோவில் கொஞ்சம் வாசித்துப் பார்த்தார், சட்டென்று நிறுத்தினார், தலையைத் திருப்பி ஒரே வார்த்தை கேட்டார்: "ஏன்?"

இவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவமானமாகப் போய்விட்டது என்று பிற்காலத்தில் அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தன் பண்பாட்டைப் பற்றித் தனக்கு உருப்படியாக எதுவும் தெரியாது என்று அப்போதுதான் உறைத்திருக்கிறது. அதற்கப்புறம் வருஷக்கணக்கில் உட்கார்ந்து படித்தார்: பழைய ஸ்வரக் குறிப்புகள், கையெழுத்துக்கலை, ஓவியம், கவிதை, தத்துவம். அந்த "ஏன்?" கீழே இன்னும் சில பதில்களிலும் வரும்.

கேள்வி: வரேஸின் சீடர் என்கிறார்கள். அப்படியென்றால் ஒரே சத்தக்காடாக இருக்குமோ?

பிரான்ஸில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இசையமைப்பாளர் எட்கார் வரேஸிடம் 1949 முதல் 1954 வரை படித்தார். சீடர், உதவியாளர், ஸ்கோர் பிரதி எடுப்பவர் எல்லாம் இவர்தான். 1965இல் வரேஸ் இறந்தபின் அவருடைய படைப்புகளுக்குப் பொறுப்பாளரும் ஆனார். பாதியில் நின்றிருந்த 'நாக்டர்னல்' என்ற படைப்பை முடித்துக் கொடுத்தார், மற்றவற்றைத் திருத்திப் பதிப்பித்தார். கிரீனிச் வில்லேஜில் சல்லிவன் தெருவில் வரேஸ் வாழ்ந்த வீட்டிலேயே கடைசிவரை குடியிருந்தார்.

சத்தக்காடு பற்றி: வரேஸுக்கு ஒலி என்பது இடத்தை அடைத்துக்கொண்டு நகரும் ஒரு பொருள். சோவிடம் அந்த எண்ணம் அப்படியே இருக்கிறது, ஆனால் அளவு வேறு. குரு பாறையை உருட்டினார் என்றால் இவர் மை ஒரு துளி தாளில் ஊறிப் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர். காதைப் பொத்திக்கொள்ள வேண்டி வராது, பயப்படாதீர்கள்.

கேள்வி: அண்ணா, நான் வீணை கற்கிறேன். 'ஒற்றைச் சுரமே ஒரு முழு இசைப்பொருள்' என்று இவர் சொன்னதாகப் படித்தேன். நம்முடைய கமகம்தானே அது?

நல்ல கேள்வி தம்பி, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அவர் பேசுவது குச்சின் என்ற கருவியை வைத்து. மேசைமேல் கிடத்தி வாசிப்பது, ஏழு தந்தி, வீணையில் விரலுக்கு அடியில் வரும் உலோக மெட்டுகள் இதில் கிடையாது. பலகையில் ஓரமாகப் பதித்த 13 புள்ளிகள்தான் விரலுக்கு அடையாளம். அதன் குறிப்புமுறை இன்னும் விசித்திரம். எந்த விரல், எந்தத் தந்தி, எந்த இடம், உள்ளே இழுக்கவா வெளியே தள்ளவா, மீட்டியபின் இடக்கை விரல் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் சொல்லும், ஆனால் எவ்வளவு நேரம் நீட்ட வேண்டும் என்று சொல்லாது. ஒரே சுரத்தைத் திறந்த தந்தியில் எடுக்கலாம், அழுத்தி எடுக்கலாம், லேசாகத் தொட்டு மணியோசை மாதிரி எடுக்கலாம். மூன்றும் வேறு வேறு. அதன்மேல் விரல் அசைவு மட்டும் 26 வகைக்குக் குறையாது என்று சோ எழுதியிருக்கிறார்.

இதில் நான் அசந்துபோன இடம் ஒன்று உண்டு. நல்ல குச்சின் கலைஞர் வாசிக்கும்போது பக்கத்திலிருந்து பாருங்கள். மீட்டிய ஒலி அடங்கிப் போய்விடும், விரல் மட்டும் தந்திமேல் சறுக்கிக்கொண்டே இருக்கும். நகம் பட்டுத் தந்திக்குமேல் உரசும் 'சர்ர்' என்ற சத்தம்தான் மிச்சம், அதுவும் அந்தச் சுரத்தின் பாகம்தான். சோ பிடித்துக்கொண்டது இதைத்தான்: ஒரு சுரம் பிறப்பதிலிருந்து அடங்குவது வரை அதற்குள் நடப்பவையே இசை, மெட்டு அப்புறம்.

கமகத்தோடு, அதாவது நாம் சுரத்தை அசைத்து இழைப்பதோடு, உறவு உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் தோடி ராகத்தில் காந்தாரச் சுரம் அப்படி அசைவதற்குக் காரணம் தோடி. முன்னால் என்ன வந்தது, பின்னால் என்ன வரப்போகிறது, எந்த ராகம் என்பதுதான் அசைவைத் தீர்மானிக்கிறது. சோ சொல்லும் சுரம் அதைவிடத் தனியானது, அக்கம்பக்கத்துத் துணை இல்லாமல் தானாகவே நிற்கும். வீணைக்காரருக்கு இவர் இசை மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும் என்பது மட்டும் நிச்சயம்.

கேள்வி: ஐ சிங் என்ற குறிசொல்லும் நூலை வைத்து இசை எழுதினாராமே. ஜான் கேஜ் மாதிரி காசு சுண்டியா?

இல்லை, நேர் எதிர். அமெரிக்க இசையமைப்பாளர் கேஜ் 1951இல் ஐ சிங்கை வைத்துக் காசு சுண்டி, தன் விருப்பு வெறுப்பு இசைக்குள் நுழையாமல் பார்த்துக்கொண்டார். சோ அதே நூலிலிருந்து ஒரு ஒழுங்கை எடுத்தார்.

எளிமையாகச் சொல்கிறேன். ஐ சிங்கில் மூன்று கோடுகள் சேர்ந்து ஒரு உருவம், ஒவ்வொரு கோடும் முழுசாகவோ நடுவில் உடைந்தோ இருக்கும், ஆக எட்டு உருவங்கள். சோ ஒரு ஸ்தாயியை மூன்று சம பங்காக வெட்டினார். முழுக் கோடு என்றால் அந்தப் பங்கில் இருக்கும் பெரிய இடைவெளியை அப்படியே விடு, உடைந்த கோடு என்றால் நடுவில் ஒரு சுரம் நுழைத்து உடை. இப்படி எட்டு அமைப்புகள், ஒன்றில் ஒரு கோடு மாறினால் பக்கத்து அமைப்பு. 'மாறும் மோடு' என்று இதற்குப் பெயர் வைத்தார், மோடு என்றால் சுரவரிசை. 1960இல் காற்றுக்கருவிகளுக்கு எழுதிய 'மெட்டஃபர்ஸ்' தொடங்கி, 1966இல் பியானோ, காற்றுக்கருவிகள், தாளக்கருவிகளுக்கு எழுதிய 'பியென்' வழியாக இது வளர்ந்துகொண்டே போனது. பியென் என்றாலே மாற்றம்தான்.

கேட்கும்போது இந்தக் கணக்கு காதில் விழுமா என்றால், எனக்கு விழுந்ததில்லை. நிறம் மெல்ல மாறுவது மட்டும் தெரியும்.

கேள்வி: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? ஆர்க்கெஸ்ட்ரா வேண்டாம், சின்னக் குழுவுக்கு எழுதியவை போதும்.

முதலில் தனிப் பியானோவுக்கு 1957இல் எழுதிய 'தி வில்லோஸ் ஆர் நியூ'. எட்டாம் நூற்றாண்டில் வாங் வெய் எழுதிய பிரிவுக் கவிதை ஒன்று உண்டு. காலை மழை தூசியை அடக்கியிருக்கிறது, விடுதியைச் சுற்றி வில்லோ மரங்கள் புதுப் பச்சையில் நிற்கின்றன, மேற்கே எல்லைக்கு அப்பால் போகிற நண்பனே, இன்னும் ஒரு கிண்ணம் மது குடி, அங்கே உனக்குத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். பிரியும்போது வில்லோக் கிளையை ஒடித்துக் கொடுப்பது அங்கே வழக்கம், ஏனென்றால் மரத்தின் பெயரும் 'இரு, போகாதே' என்ற சொல்லும் சீனத்தில் கிட்டத்தட்ட ஒரே ஒலி. அந்தக் கவிதையை ஒட்டிய பழைய குச்சின் பாடலிலிருந்துதான் சோவின் பியானோ வருகிறது. பியானோவில் சுரத்தை வளைக்க முடியாதே? அதனால் ஒரு சுரத்தோடு அரைச்சுரம் தள்ளிய இன்னொன்றை வேறு ஸ்தாயியில் சேர்த்து அடிக்கிறார். இரண்டும் ஒன்றையொன்று உரசி, ஒரே சுரம் நெளிவது மாதிரி கேட்கிறது. மார்ட்டினூவின் "ஏன்?"க்கு முதல் உருப்படியான பதில் இதுதான் என்பது என் கட்சி.

அடுத்து 1965இன் 'யூ கோ', மீனவன் பாட்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாவோ மின்சோங் குச்சினுக்கு ஆக்கிய பாடலை ஒன்பது பேருக்குப் பங்கு போட்டிருக்கிறார்: வயலின், ஆல்டோ புல்லாங்குழல், இங்கிலிஷ் ஹார்ன், பேஸ் கிளாரினெட், இரண்டு டிராம்போன், பியானோ, தாளத்துக்கு இரண்டு பேர். குச்சினில் ஒரு விரல் செய்யும் வேலையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பெரிதாக்கியது மாதிரி. ஒரு கருவி சுரத்தைத் தொடங்கும், இன்னொன்று நெளிக்கும், வேறொன்று அதன் வாலைப் பிடித்துக்கொள்ளும். நான் முதல்தடவை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ரெக்கார்டிங்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். ஹெட்போன் போட்டபிறகுதான் புரிந்தது. அவருடையதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

'கர்சிவ்' (1963, புல்லாங்குழலும் பியானோவும்) கொஞ்சம் பொறுத்து. தலைப்பு, தூரிகையை எடுக்காமல் ஓட்டமாக எழுதும் சீனக் கையெழுத்து பாணியைக் குறிக்கிறது. மை தடித்து, மெலிந்து, காய்ந்து, மறுபடி ஊறுவதைக் குழலின் மூச்சும் சுரத்துக்கு நடுவிலுள்ள நுண்சுரங்களும் செய்கின்றன. எடுத்தவுடன் கேட்டால் பிடிக்காமல் போக வாய்ப்புண்டு.

கேள்வி: தாளவாத்தியக்காரன் நான். எனக்கு ஏதாவது?

'எக்கோஸ் ஃப்ரம் தி கார்ஜ்', 1989, நான்கு தாளக் கலைஞர்களுக்கு. மரம், தோல், உலோகம் என்று கருவிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து, அந்த மாறும் மோடு கணக்கையே இங்கே தாள அளவுகளுக்கும் ஒலிநிறத்துக்கும் மாற்றியிருக்கிறார். பகுதிகளின் பெயர்களைப் பாருங்கள்: மூங்கில்மேல் மழைத்துளி, இலையுதிர்காலக் குளம், குளிர்ந்த ஊற்றருகே பழைய மரம், உருளும் முத்துகள். ஸ்கோர் எழுதுவது நரக வேலையாக இருந்திருக்கும், வாசிப்பதும்தான். தனி ஆவர்த்தனம் மாதிரி உச்சத்துக்குப் போகும் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: 96 வயது வாழ்ந்தவர் ஏன் இவ்வளவு கொஞ்சமாக எழுதினார்?

1969இல் 'யுன்' வந்தது. அதற்கடுத்துக் குறிப்பிடும்படியான படைப்பு 1986இன் 'பெய்ஜிங் இன் தி மிஸ்ட்'. நடுவில் 17 வருஷம்! கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1964 முதல் 1991 வரை ஆசிரியர், நிர்வாகப் பொறுப்புகள் வேறு. ஒருபக்கம் வரேஸின் ஸ்கோர்கள். 1978இல் அமெரிக்க–சீனக் கலைப் பரிமாற்ற மையத்தைத் தொடங்கினார். 1983இல் அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் பெய்ஜிங்குக்குப் போய்த் தன் நாடகத்தைச் சீன நடிகர்களை வைத்து இயக்கினாரே, அதற்குப் பாலம் போட்டதில் இந்த மையத்துக்குப் பங்குண்டு. பிறகு யுன்னான் மாகாணத்துச் சிறுபான்மை மக்களின் கலைகளைக் காப்பாற்றும் வேலை. பழைய சீன அறிஞர் மரபில் 'வென்ரென்' என்றொரு ஆள் உண்டு. கவிதையும் எழுதுவான், ஓவியமும் தீட்டுவான், குச்சினும் வாசிப்பான், அரசு தப்பு செய்தால் எதிர்த்தும் பேசுவான். கலைஞன் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று இவர் நம்பினார். நம்பிக்கைக்குக் கொடுத்த விலை அந்த 17 வருஷம். எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு, சின்னக் குழுவுக்கான நாலு படைப்பாவது போயிருக்கும்.

கேள்வி: டான் டுன் இவர் மாணவர்தானே? குருவைவிட சிஷ்யர் பெரிய ஆள் ஆகிவிட்டாரே.

ஆமாம். டான் டுன், சென் யி, சோ லோங் மூவரையும் கொலம்பியாவுக்கு வரவழைத்தது இவர்தான், பிரைட் ஷெங்கும் இவரிடம் படித்தவர். டான் டுன் 2001இல் இயக்குநர் ஆங் லீயின் படத்துக்கு ஆஸ்கார் வாங்கினார், சோ லோங் 2011இல் ஓபராவுக்குப் புலிட்சர் வாங்கினார். கம்போடியாவின் சினாரி உங்கும் இவரிடம் படித்தவரே. புகழ் என்று பார்த்தால் டான் டுன் எங்கேயோ. ஆனால் அவர் நீரையும் காகிதத்தையும் தட்டி அரங்கை அதிரவைக்கும் சில இடங்களில் எனக்கு மார்ட்டினூவின் கேள்விதான் ஞாபகம் வரும். சண்டைக்கு வராதீர்கள், ரசனைதான்.

கேள்வி: ஸ்ட்ரிங் குவார்ட்டெட் ஏதும் எழுதவில்லையா?

இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்ததுதான் ஸ்ட்ரிங் குவார்ட்டெட். அதை எழுபது தாண்டிய பிறகுதான் எழுதினார். 1996இல் 'கிளவுட்ஸ்', 2003இல் 'ஸ்ட்ரீம்ஸ்', இரண்டும் பிரென்டானோ குவார்ட்டெட்டுக்காக. முதலாவது ஐந்து பகுதி, எனக்குக் கொஞ்சம் நீளம். இரண்டாவதுதான் ருசியானது. பாக்கின் 'ஆர்ட் ஆஃப் ஃபியூக்'கை வைத்துப் புதிதாக எழுதித் தாருங்கள் என்று அந்தக் குழு பல இசையமைப்பாளர்களைக் கேட்டது, இவரையும் கேட்டது. ஃபியூக்! பாஸ்டனில் எழுதி மார்ட்டினூவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே வடிவம், அரை நூற்றாண்டு கழித்து. இந்தமுறை குரல்கள் ஒன்றையொன்று துரத்துவது நான்கு ஓடைகள் ஒரே சரிவில் இறங்குவது மாதிரி இருக்கிறது, சீன மெட்டைத் தூக்கி எங்கேயும் ஒட்டவில்லை.

கேள்வி: இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. கேட்டால் புரியுமா சார்?

தாராளமாக. ராத்திரி, ஹெட்போன், வில்லோ பியானோ. அடுத்த சுரம் எப்போது வரும் என்று காத்திருக்காமல், அடித்த சுரம் எங்கே போகிறது என்று மட்டும் பின்னாலேயே போய்ப் பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், பாதி அதில்தான் காணாமல் போகும்.