நயம் பாராட்ட நோட்ஸ் வேண்டாம், விரல் போதும்

கேள்வி: என் மகள் குடியாத்தத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். செய்யுளை அடி பிறழாமல் ஒப்பிக்கிறாள். ஆனால் "இந்தப் பாட்டில் உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று தமிழ் ஐயா கேட்டால் எழுந்து நின்று விழிக்கிறாளாம். டியூஷனில் 'நயம் பாராட்டல் நோட்ஸ்' என்று 1,500 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள், அம்மா. அதற்குள் என்ன இருக்கும் என்று பிரிக்காமலேயே சொல்லிவிடலாம். திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, அணி, சந்தம் என்று தலைப்புகள். மோனைக்குக் கீழே 'காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை'. எதுகைக்குக் கீழே 'மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை'. மழைப் பாட்டானாலும் மகனை இழந்தவளின் புலம்பலானாலும் இதே வரிகள்தான். வருஷக்கணக்காக ஜெராக்ஸ் கடைகளில் புழங்கும் காகிதத்துக்கு ஸ்பைரல் போட்டு விலை வைக்கிறார்கள். 'சென்டம் உறுதி' என்று யாராவது சொன்னால் அங்கே நிற்கவே நிற்காதீர்கள்.

விற்பவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தலைப்பு இருக்கிறதா என்று பார்த்து மார்க் போடுகிறவரை இந்த வியாபாரம் ஓயாது. ஐம்பது பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைத்து, போர்ஷனை முடி என்று மேலிருந்து விரட்டினால், எந்த ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் பேசவிடுவார்? அந்த நெருக்கடியிலும் உங்கள் தமிழ் ஐயா கேட்கிறாரே, அது பெரிய விஷயம். அவர் கேள்விக்குத்தான் மகளைத் தயார்செய்ய வேண்டும்.

அதற்கு நீங்கள் தமிழ் படித்திருக்கத் தேவையில்லை. புறநானூற்றில் 86-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர் காவற்பெண்டு. 'உன் மகன் எங்கே' என்று கேட்டவருக்கு ஒரு தாய் சொல்லும் பதில் இது.

சிற்றில் நற்றூண் பற்றி நின்மகன்
யாண்டுள னோவென வினவுதி என்மகன்
யாண்டுள னாயினும் அறியேன் ஓரும்
புலிசேர்ந்து போகிய கல்லளை போல
ஈன்ற வயிறோ இதுவே
தோன்றுவன் மாதோ போர்க்களத் தானே

இரண்டு முறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம், யார் பேசுகிறார், யாரிடம், எங்கே என்று மட்டும் கேளுங்கள். தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பது தாயா, வந்தவரா? பல பிள்ளைகள் சட்டென்று 'தாய்' என்பார்கள். 'எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய், விரலை வை' என்று கேளுங்கள். 'பற்றி' என்பது 'வினவுதி'யில் போய் முடிகிறது, கேட்கிறவர்தான் தூணைப் பற்றியிருக்கிறார் என்று அவளே கண்டுபிடிப்பாள். அடுத்தது, இந்தத் தாய்க்குப் பெருமையா, வலியா? 'ஈன்ற வயிறோ இதுவே' என்பதில் பெருமை இருக்கிறது. 'போகிய' என்பதில் புலி போய்விட்ட வெறுங்குகையும் இருக்கிறது. உரைகாரர்கள் பெருமையைத்தான் முன்னிறுத்துவார்கள். பாட்டின் துறையே, அதாவது பொருள் வகையே, ஏறாண் முல்லை, வீரக் குடியின் சிறப்பைச் சொல்வது. ஆனாலும் உங்கள் மகள் வலி என்று சொன்னால், விரல் வைக்க ஒரு சொல் இருக்கும்வரை அதுவும் விடைதான்.

உரையை முதலில் திறக்காதீர்கள் என்பது என் பொது விதி. ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய சொல்லுக்குப் பொருளை ஊகிக்க விடவே கூடாது. 'ஓரும்' என்பதை 'உணரும்' என்று எடுத்துக்கொண்டு ஒரு பிள்ளை அரைப் பக்கம் விளக்கம் எழுதும். இங்கே அது வெறும் அசைச்சொல், தனிப் பொருள் இல்லாமல் நிற்பது. 'மாதோ'வும் அப்படியே, அதில் மாதைத் தேடக் கூடாது. 'சிற்றில்' என்றால் சிறுமிகள் கட்டும் மணல் வீடு என்று வேறு பாட்டில் படித்திருப்பாள், இங்கேயும் அதையே சொல்வாள். மணல் வீட்டுக்கு ஏது நல்ல தூண் என்று கேட்டால், இது குடியிருக்கும் சின்ன வீடு என்று பக்கத்துச் சொல்லே அவளைத் திருத்திவிடும். 'அளை' என்றால் குகை என்பதை மட்டும் பாட்டு தானாகச் சொல்லாது. அதற்கு அகராதிதான். ஆக, சொற்பொருளை முதலிலேயே பார்க்கலாம். கருத்துரையைப் பேசி முடித்த பிறகுதான் பார்க்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் சங்க நூல்கள் உரையோடு இலவசமாகவே கிடைக்கின்றன.

முடிந்தால் ஒரு விடுமுறையில் செங்கம் பக்கம் நடுகல் பார்க்கக் கூட்டிப் போங்கள். 1989-இல் மாவட்டம் பிரியும்வரை அதுவும் நம் வட ஆற்காடுதான். அந்தக் கற்கள் இந்தப் பாட்டுக்குப் பிந்தியவை. ஆனால் ஆநிரைக்காக, அதாவது மாட்டு மந்தைக்காகச் சண்டையிட்டு 'பட்டான்' (இறந்தான்) என்று ஒருவன் பெயரோடு நிற்கும் கல்லைப் பார்த்தவள், 'தோன்றுவன் மாதோ போர்க்களத் தானே' என்பதைப் பழைய மாதிரி ஒப்பிக்க மாட்டாள்.

வகுப்பில் எழுந்ததும் 'இந்த அடியில்' என்று தொடங்கி ஒரே ஒரு வாக்கியம் சொல்லட்டும். முதல் மாதத்துக்கு அது போதும். தேர்வில் தலைப்புப் போட்டே எழுதட்டும், மார்க் வேண்டுமே. ஆனால் எதுகை என்றால் வைகையை இழுக்க வேண்டாம். சிற்றில், நற்றூண், பற்றி என்று மூன்று சீரிலும் இரண்டாம் எழுத்து 'ற்' வருவதை எடுத்துக்காட்டினால், திருத்துபவர் அதற்கு மார்க் போட்டுத்தான் ஆக வேண்டும்.