பழைய காரின் என்ஜினையும் கியர்பாக்ஸையும் வீட்டிலேயே இறக்கி ஏற்ற முடியுமா?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இது: ரியர் வீல் டிரைவ் பழைய கார். கிளட்ச் வழுக்குகிறது, என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் ஒழுகுகிறது. இரண்டையும் இறக்கித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். ஓரளவு கருவிகளும் ஒரு ஷெட்டும் இருக்கின்றன. நானே செய்யலாமா?

செய்யலாம். இன்றைய கார்களோடு ஒப்பிட்டால் பழைய காரில் இந்த வேலை சுலபம்தான். சென்சார் வயர்களின் காடு கிடையாது, என்ஜினைச் சுற்றிக் கை நுழைய இடம் இருக்கும், பெரும்பாலான போல்ட்டுகள் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இறக்குவதை வைத்து வேலையை எடை போடாதீர்கள். அது ஒரு நாளில் முடிந்துவிடும். ஏற்றுவதில்தான் நாட்கள் போகும். அதனால் கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி மாட்டப் போகிறவரின் கண்ணோடு பார்த்துக் கழற்றுங்கள். நான் கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, இரண்டையும் ஒன்றாக எடுப்பதா, தனித்தனியாகவா என்பது. மேனுவல் கியர்பாக்ஸ் என்றால் என் ஓட்டு ஒன்றாக எடுப்பதற்கே. பெல் ஹவுசிங்கின் (கியர்பாக்ஸை என்ஜினோடு சேர்க்கும் மணி வடிவ உறை) மேல் போல்ட்டுகள் பல கார்களில் ஃபயர்வாலுக்கு (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) ஒட்டியபடி இருக்கும். ஸ்பேனர் நுழையாத அந்த இடத்தில் படுத்துக்கொண்டு போராடுவதைவிட, வெளியே எடுத்துத் தரையில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் பிரித்துச் சேர்ப்பது எவ்வளவோ மேல். ஏற்றும்போது கியர்பாக்ஸின் ஷாஃப்ட்டை கிளட்ச் பிளேட்டுக்குள் நுழைக்கும் வேலையும் காருக்கு வெளியிலேயே முடிந்துவிடும். இதற்கு விலை ஒன்று உண்டு. என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்த அந்த நீளத்தை முன்பக்கம் நன்றாகத் தூக்கி, பின்பக்கம் சரித்து, செங்குத்தான கோணத்தில் வெளியே கொண்டுவர வேண்டும். கியர்பாக்ஸை மட்டும் பார்க்க வேண்டுமென்றாலோ, கனமான ஆட்டோமேட்டிக் என்றாலோ தனித்தனியாக எடுப்பது நியாயம்.

சில கார்களில் இந்தத் தேர்வே நம் கையில் இல்லை. எம்.ஜி.பி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் கியர்பாக்ஸ் மட்டும் தனியாகக் கீழே வராது, என்ஜினும் வந்தாக வேண்டும். பழைய மினியில் கியர்பாக்ஸே என்ஜினுக்கு அடியில், எண்ணெய் தேங்கும் சம்ப் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே எண்ணெய், இரண்டும் ஒரே பொருளாகத்தான் வரும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இதற்கு நேர்மாறு. நான்கு இடங்களில் மட்டும் பிடித்திருக்கும் சுமார் 100 கிலோ என்ஜின், ரேடியேட்டர் கிடையாது, கீழ்வழியாக ஜாக்கில் இறக்கிவிடலாம். ஆனால் இறக்கிய என்ஜினை பம்பருக்கு அடியில் இழுக்க, காரின் பின்பக்கத்தை நிறையவே உயர்த்த வேண்டும். அதனால் உங்கள் மாடலுக்கான ஒர்க்‌ஷாப் மேனுவலை எப்படியாவது தேடி எடுங்கள். எந்த வழியாக எடுப்பது, எந்தப் போல்ட்டை எவ்வளவு டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்குவது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

ஷெட் இருக்கிறது என்றீர்கள். தரை எப்படி? சமமான சிமெண்ட் தரை இல்லையென்றால் என்ஜின் கிரேனின் சின்னச் சக்கரங்கள் உருளவே உருளாது. மண் தரையில் தொங்கும் என்ஜினோடு கிரேனைத் தள்ளுவது விபத்தைக் கூப்பிடுவது. கூரைக் கட்டையில் செயின் பிளாக் மாட்டித் தூக்கலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். கூரை தன் எடையைத் தாங்கக் கட்டப்பட்டது. ஒரே புள்ளியில் கால் டன் தொங்குவது அதன் கணக்கிலேயே இல்லை.

கிரேன் வாடகைக்கு எடுக்கும்போது அதன் மேல் எழுதியிருக்கும் டன்னைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2 டன் என்று போட்டிருப்பது கிரேனின் கையை முழுக்க உள்ளே தள்ளி வைத்திருக்கும்போது மட்டும். கையை நீட்ட நீட்டத் தாங்கும் எடை குறைந்து, கடைசித் துளையில் அரை டன்னுக்கு வந்துவிடும். உங்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அந்தக் கடைசித் துளைதான், ஏனென்றால் என்ஜின் பம்பரிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும். வார்ப்பிரும்பு வி8 ஒன்று மட்டுமே 250 கிலோவைத் தொடும், அதற்கு மேல் கியர்பாக்ஸ். இன்னொன்று உயரம். காரின் முன்பக்கம் ஸ்டாண்டில் உயர்ந்து நின்றால், கிரேனும் அந்த அளவு கூடுதலாகத் தூக்க வேண்டும். அடிவேலையை முடித்ததும் காரைச் சக்கரத்தில் இறக்கிவிட்டு, அப்புறம் தூக்குங்கள்.

காருக்கு அடியில் போகும் வேலைக்கு ஒரே விதி: ஜாக் தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு. செங்கல்லும் கான்கிரீட் பிளாக்கும் முன்னறிவிப்பில்லாமல் உடையும். இதில் சமரசமே கிடையாது.

இனி கழற்றும் வேலை. முதலில், கார் ஓடும் நிலையில் இருக்கும்போதே கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் சோதனை) செய்து எண்ணெய் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இதன் பலன் பின்னால் தெரியும். பேட்டரியில் எர்த் டெர்மினலை முதலில் கழற்றுங்கள். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், அதனால் நெகட்டிவ் என்று கண்ணை மூடிக்கொண்டு போகாமல் எது பாடியில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். கூலண்ட்டை வடித்ததும் உடனே மூடி வையுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துவிடும். பெட்ரோல் குழாயைக் கழற்றியதும் முனையில் ஒரு போல்ட்டைச் சொருகிக் கிளிப் போட்டுவிடுங்கள், டேங்க் உயரமாக இருந்தால் பெட்ரோல் தானாகவே வடிந்துகொண்டிருக்கும்.

பானெட்டை எடுக்கும் முன் கீல்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி மார்க்கரில் கோடு போடுங்கள். ரேடியேட்டரை எடுக்காமலே முடியும் என்று மேனுவல் சொன்னாலும் எடுத்துவிடுங்கள். அதன் மெல்லிய துடுப்புகள் என்ஜின் லேசாக இடித்தாலே நசுங்கும், போதாததற்கு அது போனால் வேலை செய்ய நல்ல இடம் கிடைக்கிறது.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நட்டுகள்தான் பெரும்பாலும் மல்லுக்கு நிற்கும். துரு கரைக்கும் ஸ்ப்ரேயை ஒரு வாரம் முன்பே தினமும் அடித்து ஊற விடுங்கள். அப்படியும் நகராவிட்டால் சூடு காட்டுங்கள், ஆனால் பெட்ரோல் குழாயும் கார்புரேட்டரும் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். ஏற்றும்போது பித்தளை நட்டு போட்டால் அடுத்த தடவை இந்தத் தொல்லை இருக்காது.

கிளட்ச் ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்குவது) என்றால் குழாயைப் பிரிக்க வேண்டியதில்லை. கியர்பாக்ஸ் பக்கம் கிளட்ச்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரை அப்படியே கழற்றி ஓரமாகக் கட்டிவிடலாம். அதற்குப் பிறகு யாரும் பெடலை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிஸ்டன் வெளியே வந்துவிடும். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் இணையும் இரண்டு பக்கத்திலும் பெயிண்டில் ஒரு அடையாளம் வையுங்கள், அதே நிலையில் சேர்த்தால்தான் அதிர்வு வராது. ஷாஃப்ட் நேராக கியர்பாக்ஸுக்குள் நுழையும் வகை என்றால், அதை உருவியதும் வாலிலிருந்து எண்ணெய் கொட்டும். ஒரு பாலிதீன் பையைப் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கிவிடுங்கள், அல்லது பழைய யோக் (ஷாஃப்ட்டின் நுழையும் முனை) ஒன்றைச் சொருகி வையுங்கள்.

வயர்களுக்கு இரண்டு முனையிலும் ஒரே எண் எழுதிய டேப், ஒவ்வொரு இடத்துப் போல்ட்டுக்கும் தனிப் பை, பையின் மேல் பெயர். அதைவிட நல்ல வழி, முடிந்த இடத்தில் போல்ட்டை அது வந்த துளையிலேயே இரண்டு சுற்றுத் திருகி வைப்பது. பெல் ஹவுசிங் போல்ட்டுகளும் வாட்டர் பம்ப் போல்ட்டுகளும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் நீளம் வேறு. நீளமானதைத் தவறான துளையில் இறுக்கினால் உள்ளே எதையாவது உடைக்கும். ஃபோனில் படம் எடுங்கள், தேவைக்கு மேலேயே எடுங்கள். கழற்றிய பிறகு அல்ல, கழற்றும் முன்.

தூக்குவதற்கு முன் ஒரு சுற்று வாருங்கள். மறந்துபோகும் ஆசாமிகள் எப்போதும் அதே ஆட்கள்: ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், ஹீட்டர் குழாய், ஆக்ஸிலரேட்டர் இணைப்பு, என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவிலிருக்கும் எர்த் பட்டை. பல பழைய கார்களின் வெப்பமானி மின்சாரத்தில் ஓடுவதல்ல. மீட்டரிலிருந்து என்ஜின் ஹெட் வரை மெல்லிய செம்புக் குழாய் ஒன்று வரும், அதற்குள் ஈதர் அடைத்திருக்கும். அதை வெட்டினாலோ மடக்கினாலோ மீட்டர் போச்சு. ஹெட்டில் இருக்கும் நட்டை மட்டும் திருகி முனையை உருவி, குழாயை வளையமாகச் சுற்றி டேஷ்போர்டு பக்கம் கட்டி வைக்க வேண்டும்.

செயினை ஹெட்டில் அல்லது பிளாக்கில் உள்ள தூக்கும் இடங்களில் மாட்டுங்கள். கார்புரேட்டர் உட்காரும் இடத்தில் மாட்டித் தூக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அலுமினிய மேனிஃபோல்டு அதற்காக வார்க்கப்பட்டதல்ல. போல்ட் 8.8 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தபட்சம் அதன் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது உள்ளே இறங்கியிருக்க வேண்டும், செயினுக்கு மேல் பெரிய வாஷரும் போட வேண்டும். செயினுக்கு நடுவே லெவலர் ஒன்று வைத்துக்கொண்டால் கைப்பிடியைச் சுற்றியே கோணத்தை மாற்றலாம். இந்தக் கருவிக்குச் செலவழிக்கும் பணம் வீண் போகாது.

ஆள் வேண்டுமா என்றால், இந்தக் கட்டத்துக்குக் கண்டிப்பாக வேண்டும். ஒருவர் கிரேனில், இன்னொருவர் கியர்பாக்ஸ் வாலையும் ஃபயர்வாலையும் பார்த்தபடி. விரல் அளவு விரல் அளவாகத் தூக்குங்கள். எங்காவது முரண்டு பிடித்தால், ஏதோ ஒன்று இன்னும் கழற்றப்படாமல் இருக்கிறது என்று பொருள். பம்ப் அடிப்பதை நிறுத்திவிட்டுத் தேடுங்கள். தொங்கும் என்ஜினுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது.

வெளியே வந்தாயிற்று. இப்போதுதான் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகும் ஆபத்து. "இவ்வளவு தூரம் வந்தாச்சு, என்ஜினையும் பிரிச்சுடலாமே" என்று தோன்றும். முன்பு எடுத்த கம்ப்ரஷனும் எண்ணெய் அழுத்தமும் நன்றாக இருந்திருந்தால் தொடாதீர்கள். பிரித்துப் போட்ட என்ஜினோடு வருடக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் கார்கள் பெரும்பாலும் இந்தத் திருப்பத்தில் நின்றவைதான். மாற்ற வேண்டியது, மறுபடி இறக்காமல் தொட முடியாதவற்றை: ரியர் மெயின் ஆயில் சீல் (கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனை எண்ணெய் சீல்), பிளாக்கின் பின்பக்க கோர் பிளக்குகள் (கூலண்ட் வழிகளை அடைக்கும் தகட்டு மூடிகள்), கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும், கிராங்க் முனையிலிருக்கும் பைலட் புஷ், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸின் முன் சீல், மவுண்டிங் ரப்பர்கள். ரிலீஸ் பேரிங் சத்தம் போடவில்லையே என்று பழையதையே விடுவது பொய்ச் சிக்கனம்.

என்ஜினை நிறுத்தி வேலை செய்யும் என்ஜின் ஸ்டாண்டில் மாட்டினால் அது பிளாக்கின் பின்முகத்தைப் பிடித்துக்கொள்ளும். எனவே ஃப்ளைவீலையும் (கிராங்க் முனையில் பூட்டும் கனமான சக்கரம்) கிளட்ச்சையும் ஸ்டாண்டிலிருந்து எடுத்த பிறகே, கிரேனில் தொங்கும்போது பூட்ட முடியும்.

இனி சேர்ப்பது. கிளட்ச் பிளேட்டுக்கு முன் பின் உண்டு, ஃப்ளைவீல் பக்கம் என்று அதிலேயே எழுதியிருக்கும் வகைகள் உண்டு, இல்லாவிட்டால் மேனுவல் படத்தைப் பாருங்கள். அலைன்மெண்ட் டூல் போட்டு நடுவில் நிறுத்திப் பிரஷர் பிளேட்டைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிளாக்கில் இருக்க வேண்டிய டோவல் பின்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள், கியர்பாக்ஸை நேர்கோட்டில் நிறுத்துபவை போல்ட்டுகள் அல்ல, அவைதான். தலையை வெட்டிய நீளப் போல்ட் இரண்டைத் துளைகளில் திருகி வைத்தால் கியர்பாக்ஸ் அவற்றின் மேல் நேராக வழுக்கிக்கொண்டு வரும். கியரில் போட்டு வால்பக்க ஷாஃப்ட்டை மெல்லச் சுற்றினால் ஸ்ப்ளைன்கள் (ஷாஃப்ட்டிலும் கிளட்ச் பிளேட்டிலும் இருக்கும் பற்கள்) பொருந்தும். கியர்பாக்ஸின் முழு எடையும் ஒரு கணம்கூட கிளட்ச் பிளேட்டில் தொங்கக் கூடாது, பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும்.

இரண்டு முகங்களும் கையால் தள்ளியே முழுதாகச் சேர வேண்டும். விரற்கடை இடைவெளி இருக்கும்போது போல்ட்டை இறுக்கி இழுக்கிறவர்கள்தான் பெல் ஹவுசிங்கின் காதை உடைக்கிறார்கள். ஆட்டோமேட்டிக்கில் இது இன்னும் கொடுமை. கிளட்ச்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டர், கியர்பாக்ஸின் எண்ணெய் பம்புக்குள் முழுதாக உட்கார வேண்டும், சுற்றிச் சுற்றித் தள்ளும்போது படிப்படியாக உள்ளே விழுவது தெரியும். பெல் ஹவுசிங் பிளாக்கோடு ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் ஃப்ளெக்ஸ் பிளேட்டை (ஃப்ளைவீலுக்குப் பதிலாக இருக்கும் மெல்லிய தட்டு) தொடாமல் சில மில்லிமீட்டர் தளர்வாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் இறுக்காதீர்கள். இறுக்கினால் பம்ப் உடையும், கியர்பாக்ஸே போகும்.

காருக்குள் இறக்கும்போது எந்த மவுண்டிங் போல்ட்டையும் முழுதாக இறுக்க வேண்டாம். எல்லாவற்றையும் சில சுற்று நுழைத்து, என்ஜினை லேசாக ஆட்டி அதன் இடத்தில் உட்கார வைத்து, அப்புறம் இறுக்குங்கள். எர்த் பட்டையை அன்றே மாட்டுங்கள். அது இல்லாமல் செல்ஃப் அடித்தால், மோட்டாரின் கரண்ட் முழுவதும் சோக் கேபிள் வழியாகவோ ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவோ போய் அவற்றைச் சிவக்கச் சிவக்க எரித்துவிடும்.

எண்ணெய், கூலண்ட் எல்லாம் ஊற்றியதும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, எண்ணெய் மீட்டர் முள் எழும் வரை செல்ஃப் மட்டும் அடியுங்கள், விட்டு விட்டு, மோட்டார் சூடாகாமல். பிறகு பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை நிற்க வைத்து ஒழுகலைத் தேடுங்கள். சின்ன ஓட்டம் ஒன்று ஓட்டி, ஆறிய பிறகு மவுண்டிங், ப்ரொபெல்லர் ஷாஃப்ட், மேனிஃபோல்டு நட்டுகளை மறுபடி ஒரு தடவை ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள். மேனிஃபோல்டு நட்டுகளில் ஒன்றிரண்டு நிச்சயம் தளர்ந்திருக்கும். பானெட்டை அதுவரை மாட்ட வேண்டாம்.

முதல் தடவை செய்பவருக்கு, வேலைக்குப் போய்க்கொண்டே செய்தால், இரண்டு மூன்று வார இறுதிகள் பிடிக்கும். உதிரி பாகங்கள் கையில் வந்த பிறகே முதல் போல்ட்டைத் தொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு சீலுக்காக வாடகைக் கிரேன் சும்மா நிற்கும்.