நான் வரைஞ்ச ஓவியங்களை போர்ட்ஃபோலியோவா காட்டி ஆர்க்கிடெக்சர் சேர முடியுமா?

நீங்க பிளஸ் டூ படிக்கறீங்க, பென்சில் போர்ட்ரெயிட் நல்லா வருது, அதுக்குன்னு இன்ஸ்டாகிராம்ல ஒரு பேஜ் வச்சிருக்கீங்க, வீட்ல இன்ஜினியரிங் எடுன்னு நச்சரிக்கறாங்க. இதெல்லாம் நானா வச்சுக்கறேன், ஏன்னா இந்தக் கேள்வி கேக்கற முக்காவாசிப் பேரு கதை இதுதான், எங்கதையும் இதேதான்.

தமிழ்நாட்டுல பி.ஆர்க் சேரணும்னா உங்க ஃபைலை யாரும் தொறந்துகூட பாக்க மாட்டாங்க. நாட்டான்னு (NATA) ஆர்க்கிடெக்சருக்குன்னே ஒரு நுழைவுத் தேர்வு, அதை எழுதணும். மொத்தம் 200 மார்க், அதுல 80 கையால வரையறது, மிச்சம் 120 கம்ப்யூட்டர்ல. நடுவுல சில வருஷம் கையால வரையறதையே தூக்கிட்டாங்க, 2024-ல திரும்ப பேப்பர் பென்சில் வந்துச்சு. பிளஸ் டூ மார்க்கை 200-க்கு மாத்தி, நாட்டா 200-ஐ கூட்டி, 400-க்கு ரேங்க் போடுவாங்க, அவ்ளோதான். என்ஐடி, எஸ்பிஏ (மத்திய அரசோட ஆர்க்கிடெக்சர் காலேஜ்) இதுக்கெல்லாம் ஜேஇஇ ரெண்டாவது பேப்பர், அதுல 400-க்கு டிராயிங் 100. (திருச்சி என்ஐடில பி.ஆர்க் இருக்கறதே நிறைய பேருக்குத் தெரியாது.)

அந்த 80 மார்க்லயும் நீங்க ரஜினியை வரைஞ்சு காட்ட முடியாது. கலர்ல ஒரு காம்போசிஷன், பிளாக் அண்ட் வொயிட்ல ஒரு காட்சி, அப்புறம் அவங்க குடுக்கற கிட்டை வச்சு அங்கயே ஒரு 3டி செய்யணும். கோச்சிங் போனா எந்தக் கேள்வி வந்தாலும் இந்தப் பக்கம் ஒரு வேப்பமரம் அந்தப் பக்கம் ஒரு பலூன்காரர்னு மனப்பாடம் பண்ண வச்சிருவாங்க. மார்க் வருமான்னா வரும், இல்லன்னு சொல்லல.

நான் சேர்ந்தப்ப கலாம், விவேகானந்தர், சூர்யான்னு ஏ3 ஷீட்ல வரைஞ்சதெல்லாம் பிளாஸ்டிக் கவர்ல போட்டு கவுன்சிலிங்குக்கே தூக்கிட்டுப் போனேன். டேபிள்ல இருந்த அம்மா, "இதைக் கீழ வைம்மா, டிசி, மார்க் ஷீட் மட்டும் எடு"ன்னாங்க. அவங்க மேல தப்பில்ல, பின்னாடி அவ்ளோ கூட்டம்.

போர்ட்ஃபோலியோவுக்கு மதிப்பு இருக்கறது வெளிநாட்டுக்கு அப்ளை பண்ணும்போதுதான். இதை நான் தைரியமா சொல்றதுக்குக் காரணம் என் சித்தி பொண்ணு. இங்கிலாந்துல மூணு வருஷ கோர்ஸுக்கு யூக்காஸ் (அங்க எல்லா யுனிவர்சிட்டிக்கும் சேத்து அப்ளை பண்ற வெப்சைட்) வழியா அப்ளை பண்ணா, போர்ட்ஃபோலியோ அனுப்புன்னு மெயில் வந்ததும் என்கிட்ட வந்து நின்னா. கையில இருந்தது முழுக்க நடிகர் நடிகை மூஞ்சி. கட்டம் போட்டு போட்டோவைப் பாத்து அச்சு அசலா வரைஞ்சது, ஒரு முடி கூட பிசகாது. நான் அதுல ஒண்ணே ஒண்ணை வச்சுக்கிட்டு மிச்சத்தை எடுத்துட்டேன். அழுதுட்டா. சித்தி எனக்குப் பொறாமைன்னு அம்மாகிட்ட போன்ல சொன்னாங்க, அது எனக்கும் காதுல விழுந்துச்சு, சரி விடுங்க.

அவ பழைய ரஃப் நோட்டைப் புரட்டும்போது ஒரு பக்கம் கிடைச்சது. மே மாச லீவுல தென்காசில ஆச்சி வீட்டுக்கு எல்லாரும் வந்து குமிஞ்சா ராத்திரி யாரு எங்க படுப்பாங்கன்னு மேல இருந்து பாக்கற மாதிரி பட்டாசலை, அதாவது ஹாலை, வரைஞ்சிருந்தா. ஒவ்வொரு பாய்லயும் பேரு. தாத்தா கட்டில் மட்டும் தார்சால, அதாவது வராந்தால. டேபிள் ஃபேன் திரும்பற அளவுக்கு ஒரு வளைவு கோடு, அந்தக் கோட்டுக்குள்ள யாரு வர்றா, வெளிய யாரு புழுங்கறான்னு தெரியும். யார் காலையும் மிதிக்காம புறவாசலுக்குப் போற வழி புள்ளி புள்ளியா. பேனா மசி வேற கசிஞ்சிருந்துச்சு. "அக்கா இது சும்மா கிறுக்குனது, இதைப் போயா"ன்னா. அதை முழுப் பக்கத்துக்கு வச்சோம், கூடவே வீட்டை டேப் வச்சு அளந்து சின்னதா அட்டைல ஒரு மாடலும். வீடியோ இன்டர்வியூல பாதி நேரம் அதைப் பத்தித்தான் கேட்டாங்களாம், ஃபேனை வேற இடத்துல வச்சா யாரு எங்க மாறுவாங்கன்னு. போர்ட்ரெயிட்டைப் பத்தி ஒரு கேள்வி இல்ல. சீட் கிடைச்சது.

உடனே ஓவியர்களை மட்டம் தட்டறேன்னு கமெண்ட்ல கிளம்பி வராதீங்க, போர்ட்ரெயிட் வரையற கை எவ்ளோ பொறுமையான கைன்னு எனக்கும் தெரியும். ஆனா அந்த சீட்டுக்கு உங்க கையை விட நீங்க ஒரு இடத்தை எப்படி யோசிக்கறீங்கன்னுதான் தேடறாங்க. அதனால நேர்ல உக்காந்து பாத்து வரைஞ்சது, அழிச்சு அழிச்சுப் போட்ட ஸ்கெட்ச், கையால செஞ்ச பொருள், துணில தைச்சது, போட்டோ, எதுவா இருந்தாலும் வைங்க. யூடியூப் பாத்து ஆட்டோகேட் கத்துக்கிட்டு வில்லா பிளான் மட்டும் போட்டு அனுப்பாதீங்க. அதைத்தான் கோர்ஸ்ல சொல்லித் தரப் போறாங்களே.

அப்புறம் முக்கியமானது, அங்க படிச்சிட்டு இங்க வந்து வேலை பாக்கறதா இருந்தா அந்த டிகிரியை நம்ம கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் ஒத்துக்குமான்னு பணம் கட்டறதுக்கு முன்னாடியே பாருங்க. 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில்ல பதிவு பண்ணாம ஆர்க்கிடெக்ட்னு போர்டு மாட்ட முடியாது. இங்கிலாந்துலயும் மூணு வருஷம் முடிச்சா ஆர்க்கிடெக்ட் ஆகறதுக்கு முதல் படியான பார்ட் 1 தான், இன்னும் பார்ட் 2, பார்ட் 3 இருக்கு.

ஆனா பதிவு பண்ணி போர்டு மாட்டி மட்டும் என்னத்த. சொந்தக்காரங்க ஒவ்வொரு கல்யாணத்துலயும் பந்தில உக்காந்துக்கிட்டே "மூணு சென்ட் இருக்கு, ஒரு பிளான் போட்டுக் குடேன்"ம்பாங்க. ஃபீஸுன்னு வாயைத் தொறந்தா மேஸ்திரி சும்மாவே போட்டுத் தர்றாரேன்னு பதில். போட்டுக் குடுத்தா ஜோசியர்கிட்ட காட்டி கன்னி மூலைல பாத்ரூம் வருதுன்னு திருப்பி அனுப்புவாங்க. எங்க பெரியப்பா வீட்டு மாடிப்படி மட்டும் எத்தனை தடவை இடம் மாறுச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்ல, கடைசில கிரகப்பிரவேசப் பத்திரிகைல நன்றின்னு மேஸ்திரி பேரு. டாக்டருக்குப் படிச்சவங்ககிட்ட போய் ஓசில ஆபரேஷன் பண்ணுன்னு கேப்பாங்களா?

சரி, எங்கயோ போயிட்டேன். வரைஞ்சதை போன்ல போட்டோ எடுக்கும்போது டியூப்லைட் அடில வச்சு எடுக்காதீங்க, பேப்பர் மஞ்சளாவோ நீலமாவோ வரும், உங்க தலை நிழலும் விழும். காலைல ஜன்னல் பக்கத்துல தரைல போட்டு நேர் மேல இருந்து எடுங்க. எத்தனை பக்கம், எத்தனை எம்பின்னு ஒவ்வொரு யுனிவர்சிட்டியும் ஒவ்வொண்ணு சொல்லுவாங்க, ஒரே பிடிஎஃப்பை எல்லாருக்கும் அனுப்பிடாதீங்க.